உங்களுக்குத் தெரியுமா? – பிரசவத்துக்கு பில் இல்லை, சாப்பாட்டுக்கு உண்டு

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுதாவளையில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தால் பக்கத்திலேயே களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை. பிரசவத்துக்குக் கட்டணம் கிடையாது. செலவைத் தாங்குவது வரிப்பணம். வீடு தேடி வந்து கர்ப்பிணியையும் பச்சைக்குழந்தையையும் பார்க்கிற மருத்துவமாதுவின் சம்பளமும் அதிலிருந்துதான். 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேல் தாய்மார் இறந்தார்கள். 2010களில் அது 40க்குள் வந்துவிட்டது. நாடு பணக்கார நாடாகும்வரை இதற்காக யாரும் காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இடிப்பது சாப்பாடுதான். தோட்டமும் கடலும் நம்பிய வீட்டில் முட்டை, பருப்பு, பால்மாவுக்குக் காசு வேண்டுமே! போஷாக்கு வவுச்சர் 2015இல் தொடங்கியபோது மாதம் 2,000 ரூபாய். கர்ப்பத்தில் ஆறு மாதம், பிள்ளை பிறந்து நாலு மாதம். 2022 செப்டம்பரில் கொழும்பு உணவுப் பணவீக்கம் ஏறக்குறைய 95 சதவீதம். அதற்குச் சற்று முன், ஆகஸ்ட் இடைக்கால பட்ஜெட்டில்தான் மாதம் 2,500 ரூபாய் கூட்ட அறிவித்தார்கள். விலை ஓடிய ஓட்டத்துக்கு அது பிந்திய உதவி. மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் படுவான்கரைத் தாய்க்கோ வழிச்செலவும் சேரும்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் பதிந்துவிடுங்கள். கிளினிக், திரிபோஷா சத்துமா, வவுச்சர் எல்லாவற்றுக்கும் வாசல் அதுதான்.