பூட்டி நிற்கும் வாயு வில்

நம் சங்க அலுவலகங்களில் சுழல் நாற்காலி புகுந்துவிட்டது. பிடியைத் தூக்கினால் இருக்கை ஏறும். பிடியை விட்டால் அந்த உயரத்திலேயே நிற்கும். இதனுள் இருப்பது சுருள்வில் அன்று. பட்டறைக்காரர் 'கேஸ் ஸ்பிரிங்' என வழங்கும் வாயு வில். பழுதானபின் இது பழைய இரும்போடு சேர்ந்து பட்டறைக்கு வந்துவிடுவதால், செங்கற்பட்டு வட்டாரத்து அன்பர்கள் இதன் உள்ளமைப்பை அறிந்திருத்தல் நலம்.

எஃகு உருளையொன்றில் நைட்ரஜன் வாயு மிக்க அழுத்தத்துடன் அடைக்கப்பட்டிருக்கும். உள்ளே ஒரு பிஸ்டன். அதனோடு இணைந்து வெளியே நீளும் தண்டு. பிஸ்டனின் இருபுறமும் அழுத்தம் ஒன்றே. அவ்வாறாயின் தண்டை வெளியே தள்ளுவது யாது? தண்டு இணைந்த பக்கத்தில், அதன் பருமனளவு வாயு படும் பரப்புக் குறைகிறது, அவ்வேற்றுமையே தள்ளுவிசை. தண்டின் விட்டம் 10 மில்லிமீட்டர், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ எனக் கொண்டால், விசை ஏறத்தாழ 78 கிலோ. ஒரு நெல்மூட்டையின் பாரத்தை விரல் பருமனுள்ள தண்டு தாங்குகிறது!

பூட்டும் வகையில் பிஸ்டனிலேயே சிறு வால்வு உண்டு. பெரும்பாலும் தண்டின் துளையூடே செல்லும் ஊசி அதனைத் திறக்கும். வாயு இருபுறமும் ஓட, தண்டு நகரும். ஊசியை விட்டால் வால்வு மூடிக்கொள்ளும், தண்டு நின்றுவிடும்.

வாயுவே பூட்டுவதாயின் அது சற்றே அமுங்கிக் கொடுக்கும். நாற்காலிக்கு அக்குழைவு இதமே. அசையாது நிற்க வேண்டிய மருத்துவமனைக் கட்டிலுக்கு அது போதாது. அங்கே பிஸ்டனின் இருபுறமும் எண்ணெய் நிரப்பி, நகரும் தட்டொன்றால் வாயுவைத் தனியே பிரித்துவைப்பர். எண்ணெய் எளிதில் அமுங்காதாதலின் பூட்டு இறுகி நிற்கும். இழுக்கும் திசையில் இறுகுவது, அமுக்கும் திசையில் இறுகுவது எனவும் இதில் பிரிவுண்டு. பிரிக்கும் தட்டில்லாத மலிவான வகையை நிமிர்த்தியே பொருத்தல் வேண்டும். படுக்கவைத்தால் எண்ணெயும் வாயுவும் இடம் மாறிப் பூட்டுத் தளர்ந்துவிடும்.

மாமல்லபுரக் கரையோரத்தார்க்கு ஒரு சொல். உப்புக்காற்றால் தண்டில் துருப் புள்ளி விழுந்தால், ஒவ்வோர் அசைவிலும் அது ஆயில் சீலை அறுக்கும், வாயு கசியும். தண்டை ஈரமற்ற மெல்லிய துணியால் துடைத்துவருதல் நன்று. அதற்கு வண்ணம் பூசுதல் கூடாது.

பெரிய அபாயம் பட்டறையிலேதான் இருக்கிறது. நைட்ரஜன் எரியாது, ஆனால் சூடேறினால் அதன் அழுத்தம் ஏறும். வெட்டுத்தீயோ, வெல்டிங்கோ, துளைக்கருவியோ பட்டால் உருளை வெடித்துத் தண்டு குண்டெனப் பாயும். தாழ்ந்துபோன நாற்காலியின் உருளையும் காலியானதென்று எண்ணற்க. உள்ளே அழுத்தம் எஞ்சியிருக்கும். திறக்காதீர், சூடேற்றாதீர் என்னும் எச்சரிக்கையை உருளையின்மீது ஒட்டியே விற்கின்றனர். பழைய இரும்புக் குவியலுக்கு வந்து சேரும்போது அவ்வெழுத்து அழிந்திருக்கிறது.