டாட்சன் 240இசட் பிரேக் மாற்றம்

டாட்சன் 240இசட் பிரேக் மாற்றம் என்பது, நிசான் நிறுவனம் 1969இல் அறிமுகப்படுத்திய விளையாட்டு மகிழுந்தின் முன்சக்கரங்களில், நாற்சக்கர இயக்கம் கொண்ட டொயோட்டா ஹைலக்ஸ் சிறு சரக்குந்தின் பிரேக் காலிப்பர்களைப் பொருத்தும் முறையாகும். மூலக் காலிப்பர் இரு பிஸ்டன்களையும், ஹைலக்ஸ் காலிப்பர் நான்கு பிஸ்டன்களையும் கொண்டது. பொருத்து துளைகள் ஒத்திருப்பதால் தூசித் தகட்டை வெட்டினாலே பெரும்பாலும் போதுமானது.

பிஸ்டன்களின் எண்ணிக்கையன்று, அவற்றின் பரப்பும் நீர்ம அழுத்தமுமே வட்டை இறுக்கும் விசையை முடிவுசெய்கின்றன. பரப்பு கூடினால் விசை கூடும். ஆனால் கூடுதல் நீர்மம் தேவைப்படுவதால் மிதி ஆழமாக இறங்கும். பெரிய முதன்மை உருளை இதனை ஈடுசெய்யும். எனினும் மிதியை வலுவாக அழுத்த வேண்டியிருக்கும்.

வாகனம் நிற்கும் குறைந்தபட்சத் தொலைவை வரையறுப்பது டயரின் பிடிப்பே ஆகும். முன்பிரேக் மட்டும் வலுப்பெற்றால் முன்சக்கரங்கள் சுழற்சி நின்று வழுக்கக்கூடும். அந்நிலையில் வாகனத்தைத் திருப்ப இயலாது. எனவே, பின்சக்கர டிரம் பிரேக்குகளுடனான சமநிலையைச் சரிபார்த்தல் இன்றியமையாதது.