முகப்பூச்சு வாங்குமுன் மேலட்டையைப் படிப்போம்

கடன் பத்திரத்திலோ காப்பீட்டுப் படிவத்திலோ கையெழுத்திடுமுன் அதன் விதிமுறைகளை வரிவரியாகப் படிக்க வேண்டும் என்பதை நாம் அறிவோம். ஆனால், நாள்தோறும் முகத்தில் பூசிக்கொள்ளும் களிம்பின் மேலட்டையை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்? திருமணம், பண்டிகை, நேர்முகத் தேர்வு என ஏதேனும் ஒன்று நெருங்கும்போது விளம்பரமும் அக்கம்பக்கத்தார் பரிந்துரையுமே நமக்குப் போதுமானவையாகிவிடுகின்றன. அந்த அலட்சியத்திற்கு நாம் கொடுக்கும் விலை, சில வேளைகளில் பணத்தோடு முடிவதில்லை.

மலப்புரம் தரும் பாடம்

கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் உள்ள மருத்துவமனை ஒன்றின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தம்மிடம் வந்த ஒரு குறிப்பிட்ட நோயாளர் குழுவை ஆராய்ந்தனர். சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு பழுதுற்று, உடலின் புரதம் சிறுநீரில் வெளியேறும் நோய் அவர்களுக்கு இருந்தது. அந்த 22 பேரில் 15 பேருக்குக் காணப்பட்டது அரிதான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர், தாம் சிவப்பழகுக் களிம்பு பயன்படுத்தி வந்ததாகக் கூறினர். களிம்பை நிறுத்தியபின் பெரும்பாலோர் நலம் பெற்றனர் என்பது ஆறுதலான செய்தி. காரணம் எதுவென்று தெரியாமல் தொடர்ந்து பூசியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

இத்தகைய களிம்புகளில் ஐயத்திற்குரிய பொருள் பாதரசம். தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உருவாக்கும் நொதியைப் பாதரச உப்புகள் செயலிழக்கச் செய்வதால், சில வாரங்களில் முகம் வெளுத்ததுபோல் தோன்றுகிறது. ஆனால் அதே பாதரசம் தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தில் தங்குகிறது. ஆவியாகவும் வெளிப்படுவதால், களிம்பைத் தொடாத குழந்தைகளுக்கும் அது தீங்காகலாம். காரணமின்றிக் கால் வீங்கினாலோ சிறுநீர் அதிகமாக நுரைத்தாலோ மருத்துவரை அணுகும்போது, பயன்படுத்தும் களிம்பையும் உடன் கொண்டு செல்வது நல்லது.

சட்டம் கூறுவது என்ன?

நம் நாட்டின் அழகுப் பொருள் விதிகள், 2020, பாதரசச் சேர்மங்களைச் சேர்த்துத் தயாரிப்பதைத் தடை செய்கின்றன. தற்செயலாகக் கலந்துவிடும் அளவும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. கண்ணைச் சுற்றிப் பூசுபவற்றிற்கு மட்டும் வரம்பு 70 பங்கு. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடி, பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை 2025-க்குள் முற்றிலும் விலக்க முடிவு செய்தன. எனினும், முகவரியற்ற களிம்புகள் அங்காடிகளிலும் இணையத்திலும் கிடைக்கவே செய்கின்றன.

இரண்டாவது ஆபத்து ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டாசால் போன்றவை தோல் நோய்க்கான மருந்துகளே அன்றி அழகுப் பொருட்கள் அல்ல. மருத்துவர் மேற்பார்வையின்றி மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும். பருக்களும் தேவையற்ற முடியும் தோன்றும். நிறுத்த முயன்றால் முகம் சிவந்து எரியும். அந்த எரிச்சலுக்கு அஞ்சியே பலர் மீண்டும் அதே களிம்பை நாடுகின்றனர். 2018-இல் மத்திய அரசு இத்தகைய 14 ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

கவர்ச்சிச் சொற்களும் உண்மையும்

‘க்ளீன்’, ‘நச்சற்றது’ போன்ற சொற்களுக்கு நம் விதிகளில் வரையறை ஏதுமில்லை. அவை விற்பனையாளரின் சொற்கள். இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. பாதரசமும் ஈயமும் இயற்கையில் கிடைப்பவையே. மருதாணி இலை தருவது செம்பழுப்பு நிறம். சிறிது நேரத்தில் கருநிறம் பிடிக்கும் ‘கறுப்பு மருதாணி’யில், கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடிய பாராஃபினைலீன்டையமின் என்ற சாயம் கலந்திருக்கலாம்.

மறுபுறம், பெயர் புரியாத வேதிப்பொருள் அனைத்தும் நஞ்சும் அல்ல. பாராபென்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் அவற்றுள் ஐந்தை விலக்கியது. மெத்தில், எத்தில் பாராபென்களை அளவு வரம்புடன் அனுமதிக்கிறது. நீர் கலந்த களிம்பில் பதப்பொருள் எதுவும் இல்லையெனில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். அதுவும் தோலுக்குக் கேடே.

மேலட்டையில் காண வேண்டியவை

1. தயாரிப்பாளரின் பெயரும் முழு முகவரியும், தொகுதி எண், உரிம எண், பயன்படுத்தத்தக்க இறுதி நாள் ஆகியவை இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளாயின் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் தேவை.

2. ஒரு சதவீதத்திற்கு மேல் உள்ள மூலப்பொருட்கள், அளவு மிகுந்தது முதலில் வரும் வகையில் வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். விளம்பரத்தில் முன்னிற்கும் குங்குமப்பூவோ கற்றாழையோ பட்டியலின் கடைசியில் இருந்தால், அது மிகச் சிறிதளவே உள்ளது என்று கொள்ளலாம்.

3. 30 கிராமுக்குக் குறைந்த களிம்புக்கும் 60 மில்லிலிட்டருக்குக் குறைந்த திரவத்திற்கும் இப்பட்டியல் கட்டாயமில்லை. ஆதலால், பழக்கமில்லாத பொருளைச் சிறு குழாயில் வாங்குவதாயின் கூடுதல் கவனம் வேண்டும்.

4. கலோமெல், மெர்குரிக், மெர்குரியோ என்ற சொற்களைக் கண்டால் வாங்க வேண்டாம். ‘பொன், வெள்ளி, அலுமினிய நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்ற எச்சரிக்கையும் பாதரசத்தின் அடையாளமாக இருக்கலாம்.

5. எளிதில் ஒவ்வாமை கொள்ளும் தோலுடையோர் நறுமணம் சேர்க்காதவற்றைத் தெரிவு செய்யலாம். தலைச்சாயத்தைக் காதின் பின்புறமோ முன்கையின் உட்புறமோ சிறிது தடவி, 24 மணி நேரம் பொறுத்துப் பார்த்தபின் பயன்படுத்துவது முறை. புருவத்திலும் இமையிலும் அதைப் பூசவே கூடாது.

ரசீதைப் பேணுவோம்

யுபிஐ வழியாகவோ அட்டை வழியாகவோ பணம் செலுத்தினால் தொகையும் நாளும் நம் கணக்கில் பதிவாகும். எனினும் என்ன பொருள், எந்தத் தொகுதி என்பதை அப்பதிவு கூறாது. எனவே ரசீதைக் கேட்டுப் பெறுவோம். பொருள் தீரும் வரை மேலட்டையையும் எறியாது வைப்போம். தீங்கு நேர்ந்தால் உடனே பூசுவதை நிறுத்தி, எஞ்சிய களிம்பைப் பத்திரப்படுத்தி, மருத்துவரிடம் காட்டுவோம். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் முறையிடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யலாம்.

விரைவில் பெருகும் பணம் என்று ஒருவர் வாக்களித்தால் நாம் ஐயுறுகிறோம். ஏழே நாளில் நிறம் மாறும் என்னும் வாக்குறுதியையும் அதே ஐயத்தோடு அணுகுவோம். இல்லத்தில் இப்போது இருக்கும் களிம்புகளை இன்றே எடுத்துப் பார்ப்போம். உரிம எண்ணும் முகவரியும் இல்லாதவற்றை இனித் தொடாதிருப்போம்.