நூலக மென்பொருளுக்கு ஒரு பொதுக் களம்

நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளையிடம் இருந்த பழைய கணினி முறை 2000-ஆம் ஆண்டைத் தாங்காது என்று 1999-இல் தெரிந்தது. அறக்கட்டளை புதிய மென்பொருளை எழுதச் செய்தது, அதுவே 'கோஹா'. 2000 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கியது. எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்ற பொது உரிமத்தில் உலகுக்கும் வழங்கப்பட்டது. ஆனால், நிரலைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு நூலகமும் தன் பிரதியைத் தனியே திருத்தினால், ஒரே பிழையைப் பத்துப் பேர் பத்து இடங்களில் சரிசெய்வார்கள். அடுத்த பதிப்பில் அந்த உழைப்பு பொருந்தாமல் போகும். ஆகவே பிழைகளைப் பதியவும், திருத்தங்களைச் சோதிக்கவும், மொழிபெயர்ப்புகளைப் பகிரவும் கோஹா சமூகம் பொதுக் களத்தை நடத்துகிறது. ஒருவர் எழுதிய திருத்தத்தை இன்னொருவர் சோதித்து ஒப்புதல் தர வேண்டும். பின்னர் தரக் குழுவும் பார்க்கும். ஆறு மாதத்துக்கு ஒரு பெரும்பதிப்பு வெளியாகிறது.

இத்தனை படிகள் வேகத்தைக் குறைக்காதா என்று கேட்கலாம். குறைக்கும். ஆனால் ஒரு பிழை பல நாட்டு நூலகங்களின் இரவல் கணக்குகளைக் குழப்பிவிடக்கூடிய இடத்தில் நிதானமே பாதுகாப்பு. நிரலாளர் இல்லாத சிறு நூலகத்துக்கு இங்கே என்ன வேலை என்பது அடுத்த கேள்வி. எந்தத் திரை வாசகரைத் தடுமாற வைக்கிறது, எந்தச் சொல் புரியவில்லை என்பது அன்றாடம் மென்பொருளைக் கையாளும் நூலகருக்கே தெரியும். அவர் தெளிவாகப் பதியும் ஒரு குறை, உலகின் எல்லாக் கோஹா நூலகங்களுக்கும் பயன்படும். உரிமம் பயன்படுத்தும் சுதந்திரத்தைத் தருகிறது. பொதுக் களமே அந்தச் சுதந்திரத்தைக் கூட்டு உழைப்பாக மாற்றுகிறது.