லேப்டாப்புக்குக் கொஞ்சம் வல்லாரை!

உங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கும். மூடியில தமிழ்நாடு அரசு முத்திரை. அண்ணனோ அக்காவோ ப்ளஸ் டூ படிச்சப்ப ஸ்கூல்ல கொடுத்த லேப்டாப். அவங்க படிச்சு முடிச்சு வேலைக்கும் போயாச்சு. லேப்டாப் மட்டும் பீரோ மேல தூங்குது. இப்ப உங்களுக்கு மினி ப்ராஜெக்ட். தூசி தட்டி ஆன் பண்றீங்க. பல் தேய்ச்சு, டீ குடிச்சு, தெருமுனை வரைக்கும் போய்ட்டு வந்தாலும் ஸ்கிரீன்ல அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. பிரவுசர்ல மூணு டேப் திறந்தா நாலாவதுக்கு மூச்சு முட்டுது.

"அப்பா, புது லேப்டாப்..."னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம், பாஸ்! பல நேரம் லேப்டாப்புக்கு வயசானது பிரச்னை இல்லை, ஞாபகசக்தி பத்தலைங்கிறதுதான் பிரச்னை. விரல் நீளத்துல ஒரு ராம் பலகையை மாத்தினா இன்னும் ரெண்டு, மூணு வருஷம் ஓட்டிடலாம். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிஞ்சா நீங்களே செய்யலாம்.

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்!

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கியது. கொள்முதல் செய்து கொடுத்தது எல்காட் நிறுவனம். அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்கள் கைக்குப் போனது. அப்போது விழுப்புரம் மாவட்டம் பெரிசு. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-ல்தான். அதனால நம்ம பக்கத்து கிராமங்களில் இந்த மெஷின்கள் ஏராளம்.

முதல் சில ஆண்டுகளில் வந்தவற்றில் இருந்தது 2 ஜிபி ராம். அந்தக் காலத்துக்கு அது போதும். ஆனா இன்னிக்கு ஒரு பிரவுசர் மட்டுமே அந்த 2 ஜிபியையும் முழுங்கிட்டு ஏப்பம் விடும்.

2025-26 பட்ஜெட்டில், 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட் தரப்படும்னு அரசு அறிவிச்சது. உங்களுக்குக் கிடைச்சிருந்தா சந்தோஷம். பழசை ரெடி பண்ணி ஒன்பதாவது படிக்கிற தங்கைக்குக் கொடுங்க. கிடைக்கலைன்னா இந்தப் பழசுதான் உங்க டிகிரிக்குத் துணை. ரெண்டுக்கும் வேலை ஒண்ணுதான்.

களமும் குடோனும்

ராம்னா என்ன? வேர்க்கடலை அறுவடை முடிஞ்சு காயப்போடற களத்தை நினைச்சுக்குங்க. அதுதான் ராம். மூட்டை அடுக்கற குடோன்தான் ஹார்ட் டிஸ்க். வேலை நடக்கறது எல்லாம் களத்துல. களம் சின்னதா இருந்தா? கொஞ்சம் காயப்போட்டு, அதை அள்ளி குடோனுக்குத் தூக்கிட்டுப் போய், வேற மூட்டையைக் கொண்டு வந்து கொட்டி... பாதி நாள் தூக்கறதுலயே போயிடும்.

உங்க லேப்டாப்பும் இதைத்தான் செய்யுது. ராம் நிரம்பிட்டா விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் ஒரு மூலையில் வெச்சு, வேணும்ங்கறப்ப திரும்ப எடுக்குது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், ராமைவிட கிட்டத்தட்ட லட்சம் மடங்கு தாமதமாகத்தான் பதில் சொல்லும். லேப்டாப் 'கர் கர்'னு சத்தம் போட்டுக்கிட்டு அப்படியே நிக்கறது அந்த மூட்டை தூக்கற நேரத்துலதான்.

வாங்கறதுக்கு முன்னாடி டெஸ்ட்!

ஸ்லோவா இருக்குன்னாலே ராம்தான் காரணம்னு முடிவு கட்டாதீங்க. நீங்க வழக்கமா பயன்படுத்தற எல்லாத்தையும் திறந்து வெச்சுட்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்க.

மெமரி 85, 90 சதவீதத்துல நிக்குதா? ராம் போட்டா பலன் உண்டு. மெமரி பாதி காலியா இருந்து, டிஸ்க் மட்டும் 100-ல நிக்குதா? அப்போ உங்களுக்குத் தேவை எஸ்எஸ்டி. ராமுக்குக் காசு போட்டு புண்ணியமில்லை.

அடுத்தது விண்டோஸ். இதுல ஏமாறுறவங்க நிறைய. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு இருந்தா, நீங்க 8 ஜிபி போட்டாலும் அது 2 ஜிபியைத்தான் பயன்படுத்தும்! மற்ற 32 பிட் விண்டோஸ் அதிகபட்சம் 4 ஜிபி, நடைமுறையில் அதிலும் கொஞ்சம் குறைவு. 64 பிட் இருந்தாத்தான் அதுக்கு மேல. 'சிஸ்டம்' பக்கத்துல இது எழுதியிருக்கும், பார்த்துக்குங்க.

ப்ராசஸருக்கும் எல்லை உண்டு. பழைய குட்டி நெட்புக்கில் இருந்த இன்டெல் ஆட்டம் என்450 மாதிரியானவை 2 ஜிபிக்கு மேல ஏத்துக்காது. லேப்டாப்பின் மாடல் நம்பரை அடிப்பக்க ஸ்டிக்கர்ல பார்த்து, கம்பெனியின் மேனுவல்ல 'அதிகபட்ச மெமரி' எவ்வளவுன்னு தேடுங்க. சில மெல்லிய மாடல்களில் ராமை போர்டிலேயே ஈயம் வெச்சு ஒட்டியிருப்பாங்க. கூடவே ஒரு ஸ்லாட்டும் இருந்தாத்தான் உங்களுக்கு வழி.

ஜாதகப் பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம்னா, ராமுக்கு நாலு போதும்.

1. சைஸ்: லேப்டாப்புக்கு வேண்டியது சோ-டிம். டெஸ்க்டாப் ராம் இதைவிட இரண்டு மடங்கு நீளம். அது உள்ளேயே போகாது.

2. தலைமுறை: டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5. ஒண்ணுக்குப் பதில் இன்னொண்ணு போடவே முடியாது. சோ-டிம்மில் டிடிஆர்3-க்கு 204 பின், டிடிஆர்4-க்கு 260 பின். நடுவில் இருக்கிற வெட்டும் இடம் மாறி இருக்கும். அதனால தப்பானதை யாரும் அழுத்தி நுழைக்காதீங்க!

3. வோல்டேஜ்: டிடிஆர்3-ல ரெண்டு ரகம். சாதாரணம் 1.5 வோல்ட். 'எல்' போட்டது 1.35 வோல்ட். 'எல்' ரகம் பெரும்பாலும் இரண்டு விதமான லேப்டாப்பிலும் ஓடும். ஆனா 1.35 மட்டுமே கேட்கிற லேப்டாப்பில் 1.5 வோல்ட் ராம் ஓடாது. சந்தேகம்னா 'எல்' வாங்குங்க.

4. வேகம்: ஸ்டிக்கரில் பிசி3-12800-னு இருந்தா பயப்படாதீங்க. 12800-ஐ 8-ஆல வகுங்க, 1600. அதுதான் வேகம். வேற வேகத்துல ஒண்ணு போட்டா, ரெண்டும் மெதுவானவரோட நடைக்கு வந்துடும். அவ்வளவுதான்.

இதெல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை. பழைய ராமைக் கழட்டி, காகிதத்துல சுத்தி, கடைக்கே எடுத்துட்டுப் போங்க. "இதே மாதிரி, 4 ஜிபி"ன்னு கேளுங்க. முடிஞ்சது!

எங்கே வாங்கறது?

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் சுமார் 40 கிலோமீட்டர். ரெண்டு ஊர்லயும் சர்வீஸ் கடைகள் இருக்கு. ஆனா பழைய டிடிஆர்3 ராம் எப்பவும் ஸ்டாக்கில் இருக்கும்னு சொல்ல முடியாது. போன் போட்டுக் கேட்டுட்டு பஸ் ஏறுங்க. இல்லைன்னா புதுச்சேரி. அதுவும் இல்லைன்னா சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட். அங்கே கிடைக்காத எலெக்ட்ரானிக்ஸ் சாமான் குறைவு.

2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க ராம் விலை ஏறியிருக்கு. ஏஐ கம்பெனிகளோட டேட்டா சென்டர்களுக்கே சிப்கள் போயிடுது. அதனால பழைய ராம்னாலும் ரெண்டு கடையில விலை கேட்டுட்டு வாங்குங்க. செகண்ட் ஹேண்ட் ராம் தப்பில்லை. ராமில் அசையற பாகம் எதுவும் கிடையாது, எளிதில் தேயாது. ஆனா, "ஓடலைன்னா ஒரு வாரத்துக்குள்ள மாத்தித் தருவீங்களா?"ன்னு கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்க. தலையாட்டற வாரன்டி எல்லாம் வேலைக்கு ஆகாது.

ஆபரேஷன் ஆரம்பம்!

முதல்ல முக்கியமான ஃபைல்களை எல்லாம் பென் டிரைவில் காப்பி பண்ணுங்க. ராம் மாத்தினா ஃபைல் அழியாது. ஆனா பழைய மெஷினைத் திறக்கறப்ப ஜாக்கிரதை நல்லது.

ஷட் டவுன் பண்ணுங்க. ஸ்லீப் கூடாது. சார்ஜரைப் பிடுங்குங்க, பேட்டரியைக் கழட்டுங்க. பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடிங்க, மிச்சமிருக்கற கரன்ட்டும் போயிடும். பேட்டரி உள்ளேயே இருக்கற மாடல்னா மூடியைத் திறந்ததும் முதல் வேலை, அதோட கனெக்டரைக் கழட்டறது.

அடுத்து நம்ம உடம்பில் இருக்கிற மின்சாரம். கையில 'சுர்'னு அடிக்குமே, அந்த நிலை மின்சாரம். அது சிப்பைக் கெடுத்துடும். கம்பளி, பாலியெஸ்டர் விரிப்பு வேண்டாம். மர மேஜை மேல வெச்சுக்குங்க. பெயின்ட் அடிக்காத இரும்பு ஜன்னல் கம்பியைத் தொட்டுட்டு வேலையை ஆரம்பிங்க. ஃபேனை நிறுத்துங்க, இல்லைன்னா ஸ்க்ரூவைத் தேடி கட்டிலுக்கு அடியில படுக்க வேண்டியிருக்கும்.

பல பழைய மாடல்களில் அடியில் ராமுக்குன்னே சின்ன மூடி இருக்கும். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைன்னு ஒரு காகிதத்துல படம் வரைஞ்சு, அந்தந்த இடத்துல வையுங்க. கழட்டறதுக்கு முன்னாடி செல்போன்ல ஒரு போட்டோ.

ராமின் ரெண்டு பக்கமும் இருக்கிற கிளிப்பை வெளிப்பக்கமா தள்ளுங்க. ராம் தானா தலை தூக்கும். ஓரத்தைப் பிடிச்சு சாய்வா இழுங்க. தங்க நிறப் பகுதியில விரல் படக் கூடாது. புதுசை அதே சாய்வில், வெட்டைப் பொருத்திப் பார்த்து, முழுசா உள்ளே தள்ளுங்க. அப்புறம் கீழே அழுத்துங்க. 'டக்'குன்னு கிளிப் பூட்டிக்கும். ரெண்டு ஸ்லாட் இருந்து ஒண்ணு காலின்னா, பழசைக் கழட்டவே வேண்டாம்.

ஸ்கிரீன் கறுப்பா?

ஆன் பண்ணினா ஸ்கிரீன் கறுப்பு, 'பீப் பீப்' சத்தம். அவ்வளவுதான், போச்சுன்னு அலறாதீங்க. பத்துல ஒன்பது தடவை ராம் சரியா உட்காரலைன்னு அர்த்தம். மறுபடி பேட்டரி கழட்டி, ராமை எடுத்து, திரும்பப் போடுங்க. அப்பவும் வரலைன்னா பழைய ராமை மட்டும் போட்டுப் பாருங்க. ஓடிச்சுன்னா லேப்டாப் நல்லா இருக்கு, புது ராமோட பொருத்தம்தான் சரியில்லை. பில்லோட கடைக்குப் போங்க.

ஆன் ஆயிடுச்சா? சிஸ்டம் பக்கத்துல புது அளவு தெரியுதான்னு பாருங்க. 4-க்கு 3.8-னு காட்டினா சண்டைக்குப் போகாதீங்க, மிச்சத்தை கிராஃபிக்ஸ் எடுத்துக்குது. அப்புறம் ஸ்டார்ட்டில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்'னு தேடி ஓடவிடுங்க. பிழை எதுவும் காட்டலைன்னா நிம்மதி.

எப்ப வேண்டாம்?

டிஸ்ப்ளே கோடு கோடா இருக்கு, கீல் உடைஞ்சிருக்கு, பேட்டரி பத்து நிமிஷம், ஹார்ட் டிஸ்க்கும் தட்டுது... இத்தனையும் சேர்ந்திருந்தா விட்டுடுங்க. ஒவ்வொண்ணுக்கா செலவு பண்ணினா செகண்ட் ஹேண்ட் லேப்டாப் விலைக்கே வந்துடும்.

இன்னொண்ணு. விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 மாதிரி சில நிபந்தனைகள் கேட்குது. ராம் போட்டாலும் இந்தப் பழைய மெஷின்கள் அதுல தேறாது. அதுக்கு லினக்ஸ் இருக்கே! 4 ஜிபி இருந்தா லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு சொகுசா ஓடும். இலவசம்தான். நம்ம நாட்டு சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருக்கு. சி ப்ரோக்ராம், பைத்தான், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ப்ரசன்டேஷன் எல்லாத்துக்கும் போதும்.

கழட்டின பழைய ராமை தூக்கிப் போடாதீங்க. அண்ணா கலைக் கல்லூரியிலோ, திண்டிவனம் கோவிந்தசாமி கலைக் கல்லூரியிலோ, 2 ஜிபியோட, ஒரு ஸ்லாட் காலியா வெச்சுக்கிட்டுத் திணறுற ஃப்ரெண்டு நிச்சயம் இருப்பார். உங்களோட 2, அவரோட 2, ஆச்சு 4! செமஸ்டருக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரு ஸ்க்ரூ டிரைவரோட அவர் வீட்டுக்குப் போங்க. அவங்க அம்மா கையால டிபன் கியாரன்டி!