உங்களுக்குத் தெரியுமா? பஞ்சத்துக்குச் சூரியன் மேல் பழி!

கொடைக்கானல் என்றால் ஏரி, தூண் பாறை, சாக்லேட். அதே மலையில் சூரியனைப் பார்க்க ஒரு வானாய்வகம் இருக்கிறதே, அது வந்ததற்குப் பின்னால் ஒரு பஞ்சம் இருக்கிறது. தெரியுமா?

தாது வருஷப் பஞ்சம்! 1876 முதல் 1878 வரை. செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல்!

யார் காரணம்? 1877ல் இரண்டு வெள்ளைக்காரர்கள் கைகாட்டியது சூரியனை! ஒருவர் வில்லியம் ஹண்டர், அரசாங்கத்தின் புள்ளிவிவரப் புலி. இன்னொருவர் நார்மன் லாக்கியர், 'நேச்சர்' இதழைத் தொடங்கியவர். சூரியனில் கரும்புள்ளி குறைந்தால் சென்னையில் மழை குறையுமாம். ஆதாரம்? 1813லிருந்து எழுதி வைத்த சென்னை மழைக் கணக்கு!

புள்ளிகள் ஏறி இறங்க சுமார் 11 வருஷம். 1878ல் புள்ளி அடிமட்டம். பஞ்சமும் அதே சமயம். அச்சு அசலாகப் பொருந்துகிறதே!

ஆனால் ஜனங்கள் பசியில் செத்துக்கொண்டிருந்தபோதே இந்தியாவிலிருந்து தானியம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. அதுவும் புள்ளி செய்த வேலையா?

இன்னும் கேளுங்கள். ஜெவன்ஸ் என்ற பெரிய பொருளாதார மேதை இன்னொரு முடிச்சுப் போட்டார். சூரியப் புள்ளி மாறினால் இந்திய விளைச்சல் மாறும், அதனால் இங்கிலாந்து வியாபாரம் படுக்கும்! ஆனால் புள்ளிச் சுழற்சி 11.1 வருஷம், வியாபாரச் சரிவோ பத்தரை வருஷத்துக்கு ஒருமுறை. உதைக்கிறதே! கைகொடுத்தவர் யார் தெரியுமா? நம் பக்கத்துத் திருவனந்தபுரம் வானாய்வகத்தில் இருந்த புரூன். அவர் போட்ட கணக்கில் சூரியச் சுழற்சி 10.45 வருஷம்! ஜெவன்ஸுக்கு ஒரே குஷி.

சூரியனைப் படித்தால் மழையைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை வளர்ந்தது. 1899ல் கொடைக்கானலில் வானாய்வகம் வந்தது. உயரம் 2,343 மீட்டர்!

நம்பிக்கை பொய்த்தது, ஆய்வகம் ஜெயித்தது! 1909ல் கரும்புள்ளிக்குள் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை இங்கேதான் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க இன்றும் அது 'எவர்ஷெட் விளைவு'. 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் இங்கே பத்திரமாக இருக்கின்றன. நூறு வருஷத்துக்கும் மேலான ஆல்பம்!

சரி, மழை என்ன ஆச்சு? 1904ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தவர் கில்பர்ட் வாக்கர். வானிலை படித்தவரே இல்லை! கேம்பிரிட்ஜில் கணக்கில் முதலிடம், பூமராங் வீசுவதில் கில்லாடி. கொடைக்கானல் ஆய்வகத்துக்கும் மேலதிகாரி அவர்தான். கம்ப்யூட்டர் கிடையாது. குமாஸ்தாக்கள் கையாலேயே கணக்குப் போட்டார்கள். சூரியப் புள்ளியை மழையோடு வைத்துச் சல்லடை போட்டுச் சலித்தார். பருவமழையை முன்கூட்டிச் சொல்ல உதவும் அளவுக்கு எதுவும் தேறவில்லை!

வாக்கர் 1914லேயே ஒரு எச்சரிக்கையும் விட்டார். நிறைய ஜோடிகளைத் தேடினால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே பொருந்திவிடும்! ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத 20 ஜோடிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 5 தற்செயல் என்று சோதித்துப் பாருங்கள். ஒன்றாவது 'பொருந்தும்' வாய்ப்பு எவ்வளவு? நூற்றுக்கு 64!

பருவமழையின் குடுமி இருந்தது சூரியனில் அல்ல, பசிபிக் கடலில்! அங்கே காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்கும். இந்த ஊசலுக்கு 1924ல் பெயர் வைத்தவரும் வாக்கர்தான். 1877ல் மழையைக் கெடுத்தது பலமான எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் நிலை என்பது இன்றைய ஆய்வாளர்கள் தீர்ப்பு. மழையைத்தான் சொல்கிறேன். கப்பலேறிய தானியத்துக்கு எல் நினோவும் பொறுப்பல்ல!

கடைசியாக, கொடைக்கானல் இருக்கும் பழனி மலையிலிருந்து ஒரு விஷயம். 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி 2006ல் பூத்தது, 2018ல் பூத்தது. இரண்டுமே சூரியனில் புள்ளி குறைந்த வருஷங்கள்! 2018ல் 200 நாளுக்கு மேல் ஒரு புள்ளிகூட இல்லை!

அடுத்த பூப்பு 2030ல். 'புள்ளி குறைந்ததால்தான் குறிஞ்சி பூக்கிறது' என்று அப்போது யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், பாருங்கள். பதிலுக்கு ஒரே ஒரு வருஷத்தைத் தட்டிவிடுங்கள்: 1958. அன்றும் குறிஞ்சி பூத்தது. சூரியப் புள்ளிகள் எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து இதுவரை தொடாத உச்சத்தைத் தொட்டதும் அந்தச் சமயத்தில்தான்!