உங்களுக்குத் தெரியுமா? மறைந்தவர் குரலுக்கு யாரிடம் அனுமதி கேட்பது?

● புதுக்கோட்டை தந்த நடிகர் பி.யு.சின்னப்பா, 1940-இல் வெளிவந்த 'உத்தமபுத்திரன்' படத்தில் இரட்டை வேடம் ஏற்றார். ஒருவரை இருவராக்கியது கேமரா; நடிப்பும் பாட்டும் அவருடையவை. இன்றோ, பழைய ஒலிப்பதிவு இருந்தால் போதும், ஒருவர் பாடாத பாட்டையும் அவர் குரலில் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிவிடும்.

● 2024-இல் 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்கள் இப்படி ஒலித்தன. குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் தந்ததாக ஏ.ஆர்.ரகுமான் தெரிவித்தார்.

● அதே ஆண்டு ஜூலையில், பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அனுமதியின்றி செயற்கை நுண்ணறிவால் நகலெடுக்க மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

● மறைந்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு உறுதியில்லை. ஜெயலலிதா வாழ்க்கைப் படம் தொடர்பான வழக்கில், அந்தரங்க உரிமையும் நற்பெயரும் சொத்தைப்போல வாரிசுக்கு இறங்காது என 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது.

● கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். போலிக் குரலை நம்பிப் பணம் இழந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

● சட்டம் தெளிவாகும்வரை ஊடகங்கள் காத்திருக்கத் தேவையில்லை. குடும்பத்தின் சம்மதம், நியாயமான ஊதியம், 'இது செயற்கைக் குரல்' என்ற வெளிப்படையான அறிவிப்பு: இம்மூன்றும் கலைஞருக்கும் நேயருக்கும் நாம் செலுத்த வேண்டிய மரியாதை.